இயந்திரத்தின் முன் நிற்கும் கைகள்



நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், பூச்சு பூசாமல் விடப்பட்ட கூரையை என்றாவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்றடிக்கு இரண்டடி அளவில் கட்டம் கட்டமாய்க் கோடுகள் தெரியும். கான்கிரீட் ஈரமாயிருந்தபோது அதைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் தகடுகளின் தடம் அது. கான்கிரீட் இறுகியபின் தகடுகளைக் கழற்றி அடுத்த மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். குடியேறுகிறவர்களின் கண்ணில் அவை படுவதேயில்லை. ஆனாலும் அச்சு இல்லாமல் தூணுமில்லை, உத்தரமுமில்லை, கூரையுமில்லை.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் செய்தித்தாளில் நான்கு வரியாவது வரும். அந்தக் கட்டடத்துக்கான அச்சுத் தகட்டைச் செய்யும் பட்டறையில் ஒருவர் இரண்டு விரல்களை இழந்தால் அது எந்தத் தாளிலும் வருவதில்லை. பெங்களூரின் பீன்யா, புனேயின் போசரி, டெல்லியை அடுத்த ஃபரிதாபாத் போன்ற தொழிற்பேட்டைகளில் தகட்டை வெட்டி வளைத்து ஒட்டும் சிறு பட்டறைகள் ஏராளம். ஊரிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த நம் ஜனங்களில் அநேகர் முதலில் கால் வைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

“வெல்டிங் பட்டறையில் ஹெல்பர் வேலை கிடைத்திருக்கிறது” என்று ஊருக்குத் தகவல் போகும். ஹெல்பர் என்றால் என்ன வேலை என்று ஊரிலுள்ள தாய்க்குத் தெரியாது. சேர்ந்த அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கே தெரியாது. தகடு தூக்குவான், பெருக்குவான், டீ வாங்கி வருவான். பிரஸ் ஓட்டுகிறவர் வேலைக்கு வராத ஒருநாள் பிரஸ்ஸுக்கு முன்பாக அவனை உட்காரவைப்பார்கள். ஆபத்து தொடங்குவது அந்த நாளில்தான்.

ஒரு தகடு உருவாகும் விதம்

இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை ஷியரிங் மெஷினில் அளவாய் வெட்டுவார்கள். ஆங்கிள் இரும்பை வெட்டுச் சக்கரத்தில் அறுத்து, பவர் பிரஸ்ஸில் துளை போட்டு, நான்கு பக்கமும் சட்டமாய் வைத்து வெல்டிங் செய்வார்கள். வெல்டிங் மேடுகளைக் கிரைண்டரால் தேய்த்துச் சமன்செய்து, ரெட் ஆக்சைடு பூசி அடுக்குவார்கள். முடிந்த தகடு ஒன்று பதினைந்து முதல் இருபது கிலோ வரை இருக்கும். தொழிலாளர்கள் ‘மைவான்’ என்று அழைக்கும் அலுமினிய அச்சுகளும், பிளைவுட் அச்சுகளும் இப்பொழுது பெருகிவிட்டன. பொருள் மாறினாலும் வெட்டுவது, துளையிடுவது, ஒட்டுவது, தேய்ப்பது என்ற வேலைகள் மாறவில்லை.

இவற்றுள் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று கேட்டால், தயக்கமின்றி பவர் பிரஸ்ஸுக்கு என்று சொல்லலாம். ஆகவே அதைப்பற்றிச் சற்று விரிவாய்ப் பார்ப்போம்.

மிதித்தபின் நிற்காது

பழைய வகை பவர் பிரஸ்ஸின் பக்கவாட்டில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அதன் பெயர் ஃப்ளைவீல். காலால் பெடலை மிதித்தவுடன், உள்ளே இருக்கும் ‘கீ’ என்னும் சிறு இரும்புத் துண்டு திரும்பி, சுழலும் சக்கரத்தை இயந்திரத்தின் தண்டோடு பிணைக்கும். உடனே மேலேயுள்ள ராம் பல டன் விசையோடு இறங்கும். தகட்டில் துளை விழும். ராம் மறுபடியும் மேலேறி நிற்கும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நடந்து முடியும்.

இறங்கத் தொடங்கிய ராமைப் பாதிவழியில் நிறுத்த இந்த வகை இயந்திரத்தில் வழியே இல்லை. காலை எடுத்தாலும் சரி, சுவிட்சை அணைத்தாலும் சரி, தன் சுற்றை முடித்துவிட்டுத்தான் நிற்கும். இதை அறியாத புதியவர், கை உள்ளே இருக்கும்போது தவறி மிதித்துவிட்டால் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். பேருந்தில் பிரேக்கைப் பார்த்துப் பழகியவர் வேறு எப்படி நினைப்பார்?

மோட்டாரை அணைத்த பின்பும் ஃப்ளைவீல் உடனே ஓய்ந்துவிடாது. தன் எடையினால் அது வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெடல் அழுந்தினால், மின்சாரம் இல்லாதபோதும் ராம் இறங்கும். கரண்ட் போய்விட்டது என்ற துணிச்சலில், மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க உள்ளே கைவிட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

இன்னும் பயங்கரமானது ஒன்றிருக்கிறது. மிதிக்காமலேயே அது இறங்கக்கூடும். கீ தேய்ந்திருந்தாலோ, அதைத் திருப்பும் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, ஒருமுறை மிதித்ததற்கு ராம் இரண்டுமுறை இறங்கும். ‘டபுள் அடிக்கிறது’ என்று பட்டறையில் சொல்வார்கள். முதல் அடி விழுந்ததும் துண்டை எடுக்கக் கை உள்ளே போகும் சரியான நேரத்தில் இரண்டாவது அடி விழுகிறது. ஒரேயொரு தரம் டபுள் அடித்தாலும் அந்த மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, மெக்கானிக்கை அழைக்க வேண்டும். ஆனால் சரக்கு மாலைக்குள் லாரியில் ஏற வேண்டுமே! “பார்த்து ஓட்டுப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தப் “பார்த்து ஓட்டு” என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு எட்டு அடி என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் 3,840 அடி. அத்தனை தடவையும் அந்த மனுஷன் கவனமாயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வீட்டு வாடகை நினைவுக்கு வரக்கூடாது, பிள்ளையின் காய்ச்சல் நினைவுக்கு வரக்கூடாது, கண் ஒருமுறை சொருகக்கூடாது. மனுஷ சரீரத்தால் ஆகாத காரியம் இது. இரும்புத் தடுப்புக்கோ கவனம் தேவையில்லை, அது மாட்டியிருந்தாலே போதும்.

எப்படிப்பட்ட தடுப்பு? தகடு நுழையுமளவுக்கு மட்டும் சந்து விட்டு, விரல் நுழையாதபடி ராமைச் சுற்றிலும் கம்பிக்கூண்டு மாட்டுவது ஒன்று. எளிதும் மலிவும் அதுவே. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இறங்கும்படி செய்வது மற்றொன்று. கைகள் இரண்டும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் எந்தக் கையும் இருக்காதல்லவா? ஆனால் இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. வேகமாய் வேலை முடிய வேண்டும் என்று ஒரு பட்டனைக் கயிற்றால் கட்டிவைத்துவிடுவார்கள், அல்லது ஒரு மரத்துண்டைச் செருகிவைப்பார்கள். அப்படிப்பட்ட மெஷினில் இரட்டைப் பட்டன் இருந்தும் இல்லாததற்குச் சமானம். மேலும், டபுள் அடிக்கும் மெஷினில் இரண்டாவது அடியை இந்தப் பட்டன்கள் தடுக்காது. அங்கே கூண்டுதான் துணை.

“எங்கள் மெஷினில் சென்சார் இருக்கிறது” என்று சிலர் பெருமையாய்ச் சொல்வதுண்டு. ஒளிக்கதிரைக் கை மறைத்தால் மெஷினை நிறுத்தும் கருவி அது. ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும், காற்றழுத்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸிலும் அது நன்றாய்ப் பயன்படும். ஆனால் மேலே சொன்ன கீ வகை மெஷினில், நிறுத்து என்று சென்சார் சொன்னாலும் இயந்திரத்தால் நிற்க முடியாது. ஆகையால் உங்கள் மெஷின் எந்த வகை என்று முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பிரஸ்ஸினால் வரும் சேதத்தைக் குறித்து நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. ‘சேஃப் இன் இந்தியா’ என்னும் தொண்டு நிறுவனம் 2019 முதல் ‘க்ரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. குருகிராம், மானேசர், ஃபரிதாபாத் பகுதிகளில் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் கை நசுங்கியவர்களைக் குறித்த அறிக்கைகள் அவை. செய்யும் பொருள் வேறானாலும் இயந்திரம் அதே பவர் பிரஸ்தான். விரலைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அநேகருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை விபத்து நடந்த பிறகே கையில் கொடுக்கப்பட்டது என்றும் அவை கூறுகின்றன. அட்டையைக் குறித்துப் பின்னால் சொல்கிறேன்.

கிரைண்டரும் அதன் கழற்றிய மூடியும்

கிரைண்டர் என்றதும் நம் சகோதரிகளுக்கு இட்லி மாவு நினைவுக்கு வரும். பட்டறையின் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்றுச் சுற்றுகிறது. நான்கு அங்குலச் சக்கரத்துக்கென்று செய்யப்பட்டது அது. சக்கரத்தின் பாதியை மறைக்கும் இரும்பு மூடி ஒன்று அதில் உண்டு. வாங்கிய சில நாட்களில் அந்த மூடி கழற்றப்பட்டு மூலையில் கிடக்கும். மூலைமுடுக்கில் தேய்க்க இடைஞ்சல் என்பது ஒரு காரணம். பெரிய சக்கரத்தை மாட்டும் ஆசை இன்னொரு காரணம்.

பெரிய சக்கரத்தை மாட்டினால் என்ன ஆகும்? தேய்ப்புச் சக்கரங்களின் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி அவை பொதுவாய் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஏழு அங்குலச் சக்கரத்தின்மேல் 8,500 சுற்று என்று அச்சிட்டிருப்பது அதனால்தான். அதை 11,000 சுற்றுள்ள சிறிய கிரைண்டரில் மாட்டினால் விளிம்பு விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டிவிடும். சக்கரம் வெடித்துச் சிதறும்போது துண்டுகள் போகும் வேகமும் அதுவே. முகத்துக்கும் கழுத்துக்கும் முன்னால் அந்த மூடி இருந்திருந்தால் அது தாங்கியிருக்கும்.

பிளைவுட் அச்சு செய்கிறவர்கள் இதைவிட மோசமான ஒன்றைச் செய்கிறார்கள். மரம் அறுக்கும் பற்களுள்ள பிளேடைக் கிரைண்டரில் மாட்டிப் பலகை அறுக்கிறார்கள். பல் மரத்தில் கடித்துக்கொண்ட நொடியில் கிரைண்டர் கையைவிட்டுத் துள்ளி, தொடையிலோ கழுத்திலோ பாய்கிறது. பலகை அறுக்க வட்ட ரம்பம் இருக்கிறது. அதற்கு மேல்மூடியும், அறுத்த பலகை பிளேடை நெருக்காதபடி பின்னால் நிற்கும் கத்தியும் உண்டு. கடைசி அரையடியைக் கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ள வேண்டும். தச்சுவேலை தெரிந்த பெரியவர்கள் இதைச் சொல்லித் தருவார்கள். கேட்பதற்குப் பிள்ளைகளுக்கு வெட்கமிருக்கக் கூடாது.

கையுறையைக் குறித்தும் ஒரு குழப்பம் இருக்கிறது. வெட்டிய தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். அதைத் தூக்கும்போது தடித்த கையுறை அவசியம். ஆனால் டிரில்லிங் மெஷினில் துளை போடும்போது அதே கையுறை எமனாய்விடும். சுழலும் டிரில் அதன் நூலைப் பற்றிக்கொண்டால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். “எப்போதும் கையுறை போடு” என்று ஒரே வரியில் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. மோதிரம், சங்கிலி, கைக்கயிறு ஆகியவையும் இப்படியே ஆபத்தானவை. நம்முடைய சபைகளில் அநேகர் ஆபரணம் அணிவதில்லை, ஆகவே அந்த மட்டில் நமக்குக் கவலையில்லை. ஆனால் பொத்தான் போடாத முழுக்கைச் சட்டையும் கைக்கடிகாரமும் செய்யும் வேலை மோதிரம் செய்யும் வேலைக்குக் குறைந்ததல்ல.

புகை, எண்ணெய், பாரம்

வெல்டிங்கின் ஒளி கண்ணைச் சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் புகையைப் பற்றித்தான் அலட்சியம். துத்தநாகம் பூசிய குழாயை ஒட்டினால் அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டு மறுநாள் தானாய் விட்டுவிடும். சாதாரண ஜுரம் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. பாலும் வெல்லமும் புகையை முறித்துவிடும் என்ற நம்பிக்கை வட இந்தியப் பட்டறைகளிலும் உண்டு, நம்மிடத்திலும் உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகையோ நுரையீரலுக்குப் போகிறது. புகையை முகத்துக்கு வருமுன் இழுத்துவிடும் குழாய், அது இல்லாவிட்டால் திறந்த சுவரும் தகுந்த முகமூடியும்தான் உதவும். கைக்குட்டையைக் கட்டுவது உதவாது.

அச்சில் கான்கிரீட் ஒட்டாதபடி பழைய இன்ஜின் எண்ணெயைத் தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது தோலைக் கெடுக்கும். அதிலுள்ள சில பொருட்கள் நாளடைவில் அதைவிடக் கெடுதலானவை. எண்ணெய் நனைந்த துணியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையாவது விட்டுவிடலாம்.

பாரம் தூக்கும் காரியத்தில் ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு டன் தகட்டுக் கட்டை இரண்டு சங்கிலிகளில் தொங்கவிடுகிறார்கள். ஆளுக்கு அரை டன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சங்கிலிகள் நேர்செங்குத்தாய் இருந்தால் அது சரி. அவை விரிந்து, தரைமட்டத்தோடு 30 பாகை கோணத்தில் சாய்ந்துவிட்டால், ஒவ்வொரு சங்கிலியும் முழு ஒரு டன்னை இழுக்கிறது! சங்கிலி சிறியதானதால் விரித்துக் கட்டினோம் என்பார்கள். அப்படிக் கட்டிய பாரத்தின் கீழே மட்டுமல்ல, பக்கத்திலும் நிற்காதிருங்கள். நிமிர்த்திச் சாத்திவைத்த தகடுகளும் அப்படியே. ஒன்று சரிந்தால் வரிசையே சரியும்.

யாருக்கு எந்தப் பாஷையில் பயிற்சி?

இத்தனையும் ஒருவருக்கு எப்பொழுது சொல்லப்படுகிறது? பெரிய தொழிற்சாலைகளில் முதல் நாள் ஒரு அறையில் உட்காரவைத்துப் படம் காட்டுவார்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருவர் பேசுவார். முடிவில் ஒரு பதிவேடு சுற்றிவரும், எல்லாரும் கையெழுத்திடுவார்கள். தேனியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ முந்தின வாரம் வந்திறங்கிய பிள்ளை, பக்கத்திலிருப்பவர் தலையாட்டினால் தானும் தலையாட்டுவான். புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். பதிவேட்டின்படி அவன் பயிற்சி பெற்றவன்.

சிறு பட்டறையில் அந்தப் பதிவேடும் கிடையாது. பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே பயிற்சி. அவர் மூடியில்லாத கிரைண்டரை ஓட்டினால் இவனும் அப்படியே ஓட்டுவான்.

இதில் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வந்த தமிழர்கள் அநேகர் இன்று மேஸ்திரிகளாகவும் சூப்பர்வைசர்களாகவும் காண்டிராக்டர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களிடத்தில் வேலைக்கு வருகிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற வாலிபர்கள். அன்றைக்கு நமக்குப் புரியாத பாஷையில் ஒருவர் கத்தினார். இன்றைக்கு நாம் கத்துகிறோம், அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. நீங்கள் பத்துப்பேருக்கு வேலை கொடுக்கிறவராயிருந்தால், அவர்களுடைய பாஷை தெரிந்த மூத்த தொழிலாளி ஒருவரை அழைத்து, மெஷினை நிறுத்திவைத்து, ஒவ்வொரு பாகமும் என்ன செய்யும் என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு புதியவரையே திரும்ப விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்தைவிட அது நல்ல சாட்சி. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இன்னொன்று பூட்டு. மெஷினைச் சுத்தம் செய்யவோ டை மாற்றவோ போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உள்ளே குனிந்திருக்கும்போது வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடாதபடிக்கு இது. பூட்டியபின் ஃப்ளைவீல் முழுதும் நின்றதா என்று பார்த்து, ராம் இறங்காதபடி அடியில் கட்டை கொடுத்துவிட்டே கையை உள்ளே விட வேண்டும். பெட்டிக்குப் போடும் பூட்டுக்குச் செலவிடும் நாம், கைக்குப் போடும் பூட்டுக்கு யோசிக்கிறோம்.

முழு இரவு ஜெபத்துக்கு மறுநாள் காலை

நம் சபையாருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் விடியும்வரை கலந்துகொண்டு, அங்கிருந்தே நேராய்ச் சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகும் சகோதரர்கள் உண்டு. அவர்களுடைய வாஞ்சையைக் குறித்து யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது உள்ளவரைப் போலவே தடுமாறுகின்றன என்று காட்டியது. 24 மணி நேரமானால் 0.10 சதவிகிதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவிகிதம்தான்! மதுவைத் தொடாத நம் சகோதரன், குடித்தவனுடைய கைகளோடு பிரஸ்ஸுக்கு முன் உட்காருகிறான். ஷிஃப்டை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். நிலைமையைச் சொன்னால் எந்தப் போதகரும் தவறாய் எண்ணமாட்டார். ஓவர்டைம் என்று இரட்டை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டளையிட்டது. போபால் விபத்துக்குப் பின், 1987-இல் அதைத் திருத்தியபோது, பாதுகாப்பைக் குறித்த தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 2020-இல் இயற்றப்பட்ட தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. நியமனக் கடிதம் பெறவும், பாதுகாப்பைக் குறித்த தகவலைக் கேட்டுப்பெறவும், உயிருக்கு ஆபத்து என்று நியாயமாய்த் தோன்றினால் அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கவும் அதில் இடமிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்று பழைய சட்டம் சொன்னது. புதிய தொகுப்பில் அது இருபது பேராய் உயர்ந்திருக்கிறது. தகடு அடிக்கும் பட்டறைகளில் எத்தனையோ பன்னிரண்டு பதினைந்து பேரோடுதான் நடக்கின்றன. எனக்கு இது நல்ல மாற்றமாய்த் தோன்றவில்லை. மூவாயிரம் பேருள்ள ஆலையிலும் பன்னிரண்டு பேருள்ள கொட்டகையிலும் ராம் ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது.

விரலுக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கும் உண்டு. நஷ்டஈட்டுக்கான சட்ட அட்டவணையில், சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பென்று, கட்டைவிரலுக்கு 30 சதவிகிதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்று எழுதியிருக்கிறது. தையல் வேலைக்கோ, இசைக்கருவி வாசிக்கவோ, குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடவோ அந்த விரல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

ஈ.எஸ்.ஐ. அட்டையைக் குறித்துச் சொல்வதாகச் சொன்னேன். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று பணம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் உங்களுக்குப் பத்து இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். அதை வீட்டிலுள்ளவர்களும் எழுதிவைத்திருக்க வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். நிரந்தர ஊனமானால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவின்படி ஆயுள்முழுதும் தொகை உண்டு. “ஈ.எஸ்.ஐ. வேண்டாம், தனியார் மருத்துவமனையில் நானே பார்த்துக்கொள்கிறேன், வெளியே சொல்லாதே” என்று முதலாளி சொன்னால், அந்த அன்பு கட்டுப்போடும்வரைதான் நீடிக்கும். விபத்து அறிக்கை போகாவிட்டால் பின்னால் எதையும் கேட்பது மிகவும் கஷ்டமாகிவிடும்.

விரல் துண்டிக்கப்பட்டுவிட்டால்

மனைவிமாரும் தாய்மாரும்கூட இதைத் தெரிந்துவைத்திருங்கள், செய்தி முதலில் உங்களுக்குத்தான் வரும். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திவைக்க வேண்டும். துண்டான விரலைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைக்கலாம். விரலை நேரடியாய்ப் பனிக்கட்டியின்மேல் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும். எண்ணெயோ மஞ்சளோ காப்பித்தூளோ எதுவும் தடவக்கூடாது. நுண் அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராய்ப் போக வேண்டும், தெருமுனைக் கிளினிக்கில் நேரத்தைச் செலவிடக்கூடாது. ஷியரிங் மெஷினில் நேராய் வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்க அதிக வாய்ப்புண்டு. பிரஸ்ஸில் நசுங்கியது கடினம். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், நீங்களே நம்பிக்கையிழந்து துண்டைத் தூக்கி எறிந்துவிடாதிருங்கள்.

கூடப்போகிறவர்களில் ஒருவர், விபத்து நடந்த தேதி, மணி, எந்த மெஷின், தடுப்பு இருந்ததா, அருகில் நின்றவர்கள் யார் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கிவைக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும்.